எந்த வாளை எடுப்பது? ஒரு குழப்பம் பிறந்த கதை

குத்துவாள் 3 தங்கக்காசு. சாதாரண வாள் 10. இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற பெரிய வாள் 15. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பில் இருக்கும் கடைப் பட்டியல் இது. 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரிலிருந்து அந்த ஆட்டம் வெளிவந்தது. மரத்தில் செய்ததுபோல் தோன்றும் அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சில் 1000 பெட்டிகள். பட்டியலைப் படித்துவிட்டுச் சண்டை விதிக்கு வந்தால் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. எந்த ஆயுதத்தால் அடித்தாலும் ஆறு பக்கப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். விழுந்த எண் அளவுக்கு எதிரியின் உயிர் குறையும். 3 காசுக் குத்துவாளுக்கும் அதே பகடை, 15 காசு வாளுக்கும் அதே பகடை.

இன்று கம்ப்யூட்டரில் ரோல் ப்ளேயிங் கேம் ஆடுகிறவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். சண்டை போடும் நேரத்துக்குச் சற்றும் குறையாமல், எந்த வாள், எந்தக் கவசம், எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று பையைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் குழப்பம் ஆட்டத்தோடு கூடப் பிறந்ததில்லை. துண்டு துண்டாக, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆட்களின் கையில் பிறந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பெற்றெடுத்தது ஏதோ ஓர் இல்லாமைதான். காசு போதவில்லை, தூக்கப் பலம் போதவில்லை, பொருள் நல்லதா கெட்டதா தெரியவில்லை, வைக்க இடமில்லை. ஆயுதங்கள் எத்தனை பெருகினாலும், ஒன்றை எடுத்தால் இன்னொன்று கைநழுவும் என்ற நிலை வராதவரை அங்கே தேர்வு என்று ஒன்று கிடையாது. இந்தக் கதையை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

1974க்கும் முன்னால் போக வேண்டும். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் செயின்மெயில் என்ற விதிப்புத்தகத்தை வெளியிட்டார்கள். சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான விதிகள் அவை. படைக்கும் படைக்கும் நடக்கும் சண்டை போக, ஆளுக்கு ஆள் மோதுவதற்குத் தனியாக ஓர் அட்டவணை அதில் உண்டு. ஒரு பக்கம் ஆயுதங்கள், மறுபக்கம் கவசங்கள். வெறும் உடம்பு, தோல் கவசம், கேடயம் மட்டும், தோலும் கேடயமும், சங்கிலிக் கவசம், சங்கிலியும் கேடயமும், தகட்டுக் கவசம், தகடும் கேடயமும் என எட்டு நிலை. இரண்டு பகடை உருட்டி, கட்டத்தில் உள்ள எண்ணை எட்டினால் எதிராளி செத்தான். கவசமில்லாதவனைக் குத்துவாள் சுலபமாக முடித்துவிடும். தகடு போர்த்தியவனிடம் அது ஏறக்குறைய பயனற்றது. கதாயுதம் அப்படியல்ல. அதற்கு முன் கவசம் போட்டவனும் போடாதவனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, எது சிறந்த ஆயுதம் என்ற கேள்விக்கு, எதிரே நிற்பவன் என்ன அணிந்திருக்கிறான் என்ற எதிர்க்கேள்விதான் பதில். அருமையான அட்டவணை அது. அதன் அருமை தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களில் டேவ் ஆர்னசன் தன் நண்பர்களோடு ப்ளாக்மூர் என்ற கற்பனை நாட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். அங்கே ஒருவருக்கு ஒரே ஒரு பாத்திரம். வாரக்கணக்கில் பேணி வளர்த்த பாத்திரம் ஒரே பகடையில் சாவதை யாரும் விரும்பவில்லை. அதனால் உயிர்ப்புள்ளிகள் வந்தன. பல அடி வாங்கித்தான் சாக முடியும். கவசத்துக்கு வகுப்பு எண் வைக்கும் முறையும் வந்தது. இரண்டையும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கப்பல் சண்டைக்காகத் தான் முன்பு எழுதிய விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசன் பின்னாளில் சொன்னார். இரும்புத் தகடு போர்த்திய கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்கு மனித உடம்புக்கு வந்து சேர்ந்த வழி அது.

கைகாக்ஸ், ஆர்னசன் இரண்டு பேரின் வேலையும் ஒன்றாகி 1974 பெட்டிக்குள் போனபோது செயின்மெயிலின் எட்டுக் கவச நிலைகள் அப்படியே 9 முதல் 2 வரையான எண்களாயின. வெறும் உடம்புக்கு 9, தகடும் கேடயமும் சேர்ந்தால் 2. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். இந்தத் தலைகீழ் எண்ணிக்கை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வரும்வரை நீடித்தது. 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில்கூடக் கவசம் வலுக்க வலுக்க எண் இறங்கிக்கொண்டே போகும். கவசத்துக்கு அவ்வளவு மரியாதை. ஆயுதத்துக்குத்தான் ஒன்றுமில்லை. அடி விழுகிறதா என்று பார்க்கும் புதிய இருபது பக்கப் பகடை முறையில் அந்தப் பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டு, எல்லா ஆயுதத்துக்கும் ஒரே பகடை என்று வைத்துவிட்டார்கள்.

அதற்காக அந்தக் கடைப் பட்டியல் உயிரில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கத்தில் மூன்று பகடை உருட்டிப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் கையிருப்பு. 30 காசும் வரலாம், 180உம் வரலாம். தகட்டுக் கவசம் 50, சங்கிலி 30, தோல் 15, கேடயம் 10. கயிறு 50 அடி 1 காசு, பத்தடிக் கம்பு 1 காசு, தீப்பந்தம் ஆறு 1 காசு, லாந்தர் 10, எண்ணெய்க் குப்பி 2. பகடை 60 காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தகட்டுக் கவசம் வாங்கினால் ஒரு வாளோடு சரி. இருட்டில் வழி பார்க்கப் பந்தம் வாங்கக்கூடக் காசு மிஞ்சாது. சங்கிலிக் கவசத்தோடு நிறுத்திக்கொண்டால் வாள், கேடயம், பந்தம், கயிறு, கம்பு எல்லாம் சேரும். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அடுத்தது எடை. எல்லாவற்றையும் தங்கக்காசின் எடையிலேயே அளந்தார்கள். தகட்டுக் கவசம் 750 காசு எடை, சங்கிலி 500, தோல் 250. சுமை கூடினால் நடை தளரும். ஆட்டத்தில் அனுபவப் புள்ளி பெரும்பாலும் கொன்றதற்குக் கிடைப்பதில்லை, நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் தங்கத்துக்குத்தான் கிடைக்கும். அப்படியென்றால் கனமான கவசம் போடுகிறவன் தான் தூக்கிவரக்கூடிய தங்கத்தைக் குறைத்துக்கொள்கிறான். லேசான கவசம் போடுகிறவன் தங்கத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறான். இவ்வளவு கூர்மையான ஒரு பேரத்தை முதல் பதிப்பிலேயே வைத்துவிட்டு, வாள் எல்லாம் ஒன்றே என்றும் எழுதினார்களே என்று எனக்கு இன்றும் வியப்பு.

அந்தக் குறை ஒரே ஆண்டில் தீர்ந்தது. கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய கிரேஹாக் என்ற துணைநூல் 1975இல் வந்தது. பெட்டியைத் தயாரித்த நாள்களிலேயே கைகாக்ஸ் பள்ளிக்கூடங்களுக்குப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலில் விதவிதமான பகடைகளைப் பார்த்திருந்தார். நான்கு பக்கம், ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது. இருபது பக்கத்தில் 0 முதல் 9 வரை இரண்டு முறை எழுதியிருக்கும், ஆகவே 1 முதல் 10 வரையும் அதிலேயே எடுக்கலாம். கிரேஹாக் இந்தப் பகடைகளை ஆயுதங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. குத்துவாளுக்கு 1 முதல் 4. வாளுக்கு 1 முதல் 8. இருகை வாளுக்கு 1 முதல் 10. மனிதனைவிடப் பெரிய எதிரி என்றால் வேறு கணக்கு: குத்துவாள் 3க்கு இறங்கிவிடும், வாள் 12வரை போகும், இருகை வாள் மூன்று பகடை உருட்டி 18வரை போகும்.

இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாக் கேமும் இந்த ஒரு கணக்கின் பிள்ளைதான். வாளின் சராசரி அடி 4.5. இருகை வாளின் சராசரி 5.5. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் இருகை வாளைப் பிடித்தவன் கேடயம் பிடிக்க முடியாது. கேடயத்தால் கவச எண் ஒன்று இறங்கும். இருபது பக்கப் பகடையில் அது இருபதில் ஓர் அடியைத் தடுப்பதற்குச் சமம். சிறு எதிரிகள் கூட்டமாக வந்தால் இருபதில் ஒன்று பெரிய விஷயம், கேடயம் காப்பாற்றும். எதிரே நிற்பது பூதம் என்றால் இருகை வாளின் சராசரி 10.5, சாதாரண வாளுக்கு 6.5தான், அப்போது கேடயத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். நிலவறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊரிலேயே இதைத் தீர்மானிக்க வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நண்பர்கள் வாதம் செய்யத் தொடங்கியது இந்தப் புள்ளியில்தான். ஆயுதத்துக்கும் கவசத்துக்குமான பழைய அட்டவணையையும் கிரேஹாக் திருத்தி உள்ளே கொண்டுவந்தது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டிலும் அது இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அட்டவணையைப் புரட்டப் பொறுமை இல்லாமல் பலர் அதைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டருக்கு அந்தப் புரட்டல் ஒரு வேலையே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் எடுத்துக்கொண்டது பகடைகளைத்தான், அட்டவணையை அல்ல. ஓர் ஆயுதத்தை ஒற்றை எண்ணால் அளக்கும் வழக்கம் அங்கே வேர்விட்டது.

கம்ப்யூட்டருக்குள் இது நுழைந்த முதல் வாசல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ வலைப்பின்னல். பாடம் நடத்துவதற்கான அந்த அமைப்பில் 1975வாக்கில் மாணவர்கள் பாடக் கோப்புபோலப் பெயர் வைத்து நிலவறை ஆட்டங்களை ஒளித்துவைத்தார்கள். பெடிட்5 அதில் ஒன்று. நிர்வாகிகள் கண்டால் அழித்துவிடுவார்கள். 1977இல் வந்த ஊப்லியெட்டில் இனம், தொழில், கடை எல்லாம் விரிவாக வந்துவிட்டன. இருந்தாலும் ஆயுதத் தேர்வின் அடுத்த பெரிய பாய்ச்சல் அங்கே நடக்கவில்லை. அது கலிபோர்னியாவில், படமே இல்லாத ஓர் ஆட்டத்தில் நடந்தது.

மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் சாண்டா க்ரூஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள். 1980வாக்கில் அவர்கள் எழுதியது ரோக். டாய் பிறகு பெர்க்லிக்கு மாறியபோது கென் ஆர்னால்ட் சேர்ந்துகொண்டார். எழுத்துகளைத் திரையில் நினைத்த இடத்தில் நிறுத்தும் மென்பொருளை எழுதியவர் அவர். பெர்க்லியின் யூனிக்ஸ் வெளியீட்டோடு சேர்ந்து ரோக் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பரவியது. திரையில் எல்லாமே விசைப்பலகைக் குறிகள். வலது பிறை அடைப்புக்குறி தரையில் கிடந்தால் ஆயுதம், வலது சதுர அடைப்புக்குறி கிடந்தால் கவசம். ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். செத்தால் சேமித்த ஆட்டமும் போய்விடும், முதலிலிருந்துதான்.

ரோக்கில் எடுக்கும் கவசம் மந்திரம் ஏறியதா சபிக்கப்பட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்துகொள்ளக் கைக்கெட்டும் வழி ஒன்றே ஒன்று: போட்டுப் பார்ப்பது. அதற்கு முதலில் உடம்பில் இருப்பதைக் கழற்ற வேண்டும், பிறகு புதியதை மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அருகில் அரக்கன் இருந்தால் அடித்துக்கொண்டே இருப்பான். மாட்டியதும் உண்மை தெரியும். நல்லதென்றால் யோகம். சபிக்கப்பட்டதென்றால் கழற்ற வராது, அந்த ஓட்டைக் கவசத்தோடே ஆட்டத்தைத் தள்ள வேண்டும். ஆயுதம் இன்னும் மோசம். கையில் பிடித்தாலும் அதன் தரம் தெரியாது, அடித்து அடித்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடச் சொல்லும் ஆட்டம். விட்டால் மூழ்கலாம், விடாவிட்டாலும் நெடுநாள் பிழைக்க முடியாது. ஏனென்றால் கீழே போகப்போக வருகிறவர்களுக்கு முன்னால் தொடக்கத்தில் கிடைத்த வளையக் கவசமும் கதாயுதமும் தாங்காது.

அதில் ஒரு மிருகம் உண்டு. ஆங்கிலத்தின் முதல் எழுத்தாகத் திரையில் வரும், பெயர் அக்வேட்டர். அது அடித்தால் உயிர்ப்புள்ளி ஒன்றுகூடக் குறையாது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் இரும்புக் கவசம் துருப்பிடித்து ஒரு படி இறங்கும். மந்திரச் சுருள் படித்துப் படித்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த கவசத்தை அது சில நிமிடத்தில் குப்பையாக்கிவிடும். பழகியவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? அது வருவதைப் பார்த்ததும் கவசத்தைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு எதிர்கொள்வார்கள். உடம்புக்கு அதனால் ஆபத்தில்லையே. தோல் கவசம் துருப்பிடிக்காது, ஆகவே மட்டமான அந்தத் தோல் கவசத்தைப் பையில் வைத்திருந்தவன் புத்திசாலி. கவசத்தைக் கழற்றுவதே சரியான முடிவு என்று ஆக்கிய இந்த ஒரு மிருகத்துக்காகவே ரோக்கை நான் மிக உயரத்தில் வைப்பேன். ஆயுதத் தேர்வு என்பது ஊரில் ஒருமுறை எடுக்கிற முடிவாக இருந்ததை அது ஒவ்வொரு அறையிலும் திரும்ப எடுக்க வேண்டிய முடிவாக மாற்றியது.

ரோக்கின் வழித்தோன்றல்கள் இந்த அறியாமையைப் பல வகையில் வளர்த்தன. 1987இல் வந்த நெட்ஹேக்கில் உங்களோடு ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வரும். சபிக்கப்பட்ட பொருள் கிடக்கும் இடத்தை அது மிதிக்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கவனித்துத்தான் அனுபவசாலிகள் எந்தக் கவசத்தைத் தொடலாம் என்று முடிவெடுப்பார்கள்.

ரோக் பல்கலைக்கழகங்களில் பரவிய அதே காலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ க்ரீன்பர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு விசார்ட்ரியை எழுதினார்கள், 1981இல் வெளிவந்தது. ஆறு பேர் கொண்ட குழு. முன்வரிசை மூவர் மட்டுமே வாள் வீச முடியும். ஆளுக்கு எட்டுப் பொருள்தான். ஊரில் போல்டாக் என்பவரின் கடை. நிலவறையில் கிடைத்த பொருள் இன்னதென்று தெரியாவிட்டால் அவர் அடையாளம் சொல்வார். அதற்கு அவர் கேட்கும் கூலியும், அந்தப் பொருளை அவரிடம் விற்றால் கிடைக்கும் விலையும் ஒன்றே. விற்பதற்காக அடையாளம் கேட்டால் லாபம் பூஜ்யம். வைத்துக்கொள்ளப் போகிறவன் மட்டுமே அங்கே காசு கொடுத்துக் கேட்பான். குழுவில் பிஷப் ஒருவர் இருந்தால் இலவசமாகவே பார்த்துச் சொல்வார், ஆனால் சபிக்கப்பட்ட பொருளைத் தொட்டு அவரே மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

விசார்ட்ரியைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் ஜப்பானியரான யூஜி ஹோரி. 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கண்காட்சியில் அவர் அதைக் கண்டார். எண்களும் விதிகளும் நிறைந்த அந்த உலகத்தை, ரோல் ப்ளேயிங் கேம் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகளுக்குக் கொண்டுபோக விரும்பினார். 1986 மே 27 அன்று நின்டெண்டோவின் ஃபாமிகாமுக்கு டிராகன் குவெஸ்ட் வந்தது. அதன் முதல் சில நிமிடங்கள் ஆயுதத் தேர்வைக் கற்றுத்தருவதில் இதுவரை யாரும் மிஞ்சாதவை என்பேன்.

அரசர் அழைக்கிறார், டிராகன் பிரபுவை அழிக்கச் சொல்கிறார். அரண்மனைப் பெட்டியில் 120 காசு இருக்கிறது. கையில் ஆயுதமில்லை. கோட்டைக்குப் பக்கத்து ஊரில் கடை. மூங்கில் கழி 10, தடி 60, செம்பு வாள் 180. சாதாரண உடை 20, தோல் கவசம் 70, தோல் கேடயம் 90. வேறு கடையில் மூலிகை 24, பந்தம் 8. கடைக்காரர் பெயரும் விலையும்தான் சொல்வார். எது எவ்வளவு பலம் என்று சொல்ல மாட்டார். காசுக்கேற்ற தோசை என்று நீங்களாக ஊகிக்க வேண்டும். செம்பு வாள்மீது கண் போகும், ஆனால் 60 காசு குறைகிறது. தடியும் உடையும் வாங்கினால் 80, மிச்சத்தில் ஒரு மூலிகையும் இரண்டு பந்தமும் வாங்கி மூட்டையைக் கட்டலாம். கேடயம், உடை, மூங்கில் கழி மூன்றும் எடுத்தால் சரியாக 120, அடி படாது, ஆனால் கழியால் அடித்தால் எதிரி சாகவும் மாட்டான். எதுவும் வாங்காமல் கோட்டை வாசலில் வெறுங்கையோடு பசைப் பூச்சிபோன்ற ஸ்லைம்களோடு மல்லுக்கட்டி, ஓரிரு காசாகச் சேர்த்து, செம்பு வாளுக்கு எட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்று வழியும் நடக்கும். எந்த வழியில் போனாலும் அடுத்த அரை மணி நேர ஆட்டம் வேறாக இருக்கும். எழுதப்படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் புரியும் ஆறு விலைகள், ஒரு போதாத பணப்பை. வேறெதுவும் ஹோரிக்குத் தேவைப்படவில்லை. இன்னொன்றும் வைத்தார்: சபிக்கப்பட்ட பட்டையைப் பின்னால் தெரியாமல் அணிந்துவிட்டால் அரசரின் கோட்டையிலிருந்தே விரட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1987இல் அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டருக்கு வந்த டஞ்சன் மாஸ்டர், தேர்வைப் பட்டியலிலிருந்து உடம்புக்கு மாற்றியது. தலை, மார்பு, கால், பாதம், இரண்டு கை என உடம்பின் கோட்டோவியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மவுசால் தலைக்கவசத்தை இழுத்துத் தலையில் வைக்கலாம். பொருளைக் கண் படத்தில் வைத்தால் அது இன்னதென்று தெரியும், வாய் படத்தில் வைத்தால் தின்றுவிடலாம். இன்றுவரை பல கேம்கள் இந்த உடம்பைத்தான் வைத்திருக்கின்றன.

அடுத்த பெரிய பெயர் டேவிட் ப்ரெவிக். கல்லூரிக் காலத்தில் ரோக் மரபைச் சேர்ந்த மோரியா, ஆங்பேண்ட் ஆட்டங்களில் மூழ்கியவர். கலிபோர்னியாவின் மவுண்ட் டயாப்லோ மலையருகே வாழ்ந்தவர். அவருடைய ஆட்டத்துக்குப் பெயர் அங்கிருந்தே வந்தது. 1997 பிறக்கும் தறுவாயில் வெளியான டயாப்லோ முதலில் முறைவைத்து ஆடும் ஆட்டமாகத்தான் இருந்தது. வெளியீட்டாளர்களான ப்ளிசார்ட் நிறுவனத்தார் உடனுக்குடன் நடப்பதாக மாற்றச் சொன்னபோது ப்ரெவிக் முதலில் ஒப்பவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து சில மணி நேரத்தில் மாற்றிப் பார்த்து, எலும்புக்கூட்டின்மேல் ஒரு முறை க்ளிக் செய்ததும் அது நொறுங்கியதில் மனம் மாறியதாக அவரே 2016இல் ஒரு மாநாட்டில் விவரித்தார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். நமக்கு வேண்டியது இன்னொரு பாதி.

எக்ஸ்-காம் ஆட்டத்தில் பார்த்த பையை ப்ரெவிக் டயாப்லோவுக்குள் கொண்டுவந்தார். அகலத்தில் பத்து, உயரத்தில் நான்கு, மொத்தம் 40 கட்டம். மோதிரம் ஒரு கட்டம். மார்புக் கவசம் ஆறு கட்டம். ஐயாயிரம் காசுக்கு ஒரு கட்டம், அதற்கு மேல் சேர்ந்தால் இன்னொரு கட்டம். பணக்காரனாகப் பணக்காரனாகப் பையில் இடம் குறையும். எடை என்ற எண்ணை இங்கே கண்ணால் பார்க்கலாம். தரையில் நீல எழுத்தில் ஒரு கவசம் கிடக்கிறது, பையில் நான்கு கட்டம்தான் காலி. ஊருக்குப் போய்த் திரும்புவதா, பையிலிருந்து ஒன்றைக் கீழே போடுவதா? நீலம் என்றால் மந்திரம் ஏறியது, என்ன மந்திரம் என்பது ஊரில் கெய்ன் என்ற கிழவருக்கு 100 காசு கொடுத்தால்தான் தெரியும். பொன்னிற எழுத்து என்றால் தனிச்சிறப்புப் பொருள். ஆங்பேண்டிலிருந்து வந்த இன்னொரு சொத்து பெயர்கள். ஒரு பொருளுக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல், இரண்டையும் ஆட்டமே குலுக்கி எடுக்கும். காட்லி என்று முன்னால் வந்தால் கவசத்தின் காப்பு பன்மடங்கு, ஆஃப் தி வேல் என்று பின்னால் வந்தால் உயிர்ப்புள்ளி எகிறும். இரண்டும் ஒரே தகட்டுக் கவசத்தில் சேர்ந்துவிட்டால் அதை வைத்திருப்பவன் ஊரிலேயே பெரிய மனிதன்.

டயாப்லோவின் இரண்டாம் பாகத்துக்கு 2001இல் வந்த விரிவாக்கத்தில் கொலைகாரிப் பாத்திரத்துக்குக் கட்டார் என்ற ஆயுதம் கிடைக்கும். திரையில் அது புலிநகம்போல விரல்களுக்கு மேலாக நீளும். உண்மையான கட்டாரி அப்படி இருக்காது. முஷ்டிக்குள் குறுக்குப் பிடி, முஷ்டிக்கு நேர் முன்னால் அகன்ற ஒற்றை அலகு, குத்துவதற்கென்றே பிறந்த ஆயுதம். தென்னிந்தியாவில் தோன்றியது. தஞ்சையில் செய்த அழகான கட்டாரிகள் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகெங்கும் இத்தனை பேர் ஆடிய ஆட்டத்தில் அதன் உருவத்தைச் சரியாக வரைந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

டயாப்லோவின் வெற்றிக்குப் பிறகு ஆயுதங்கள் வெள்ளமாகப் பெருகின. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று தரத்துக்கு நிறவரிசை வைத்தது. அந்த வரிசையைப் பின்னால் வந்த எண்ணற்ற ஆட்டங்கள் எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் அதன் ஆட்டக்காரர்கள் கியர்ஸ்கோர் என்ற துணைமென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உடம்பில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண் சொல்லும். அந்த எண் போதாவிட்டால் குழுவில் சேர்க்க மாட்டார்கள். இப்போது பல கேம்களில் புதிய வாளை எடுத்ததுமே பக்கத்தில் பச்சை அம்பு மேல்நோக்கி நிற்கிறது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை. நூறு வாள் கிடைக்கிறது, ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. இதைத் தாராளம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆட்டக்காரனிடமிருந்து யோசிக்கும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக அவன் கையில் குவியலைத் திணிப்பது அது.

எதிர்த்திசையில் போனவர்களும் இருந்தார்கள். பால்டர்ஸ் கேட்டில் நாடெங்கும் இரும்புக்கு ஒரு நோய். சுரங்க இரும்பு கெட்டுப்போயிருக்கிறது. அதனால் மந்திரம் ஏறாத வாள்கள் சண்டை நடுவே படக்கென்று முறிந்துவிடும். கதையின் மர்மமே அந்த இரும்புதான், உங்கள் இடுப்பில் மாற்று வாள் வைத்திருப்பதும் அதே இரும்பால்தான். ஆயுதத்தைக் கதையோடு இவ்வளவு இறுகப் பின்னிய ஆட்டம் எனக்கு வேறு நினைவில்லை.

ஹிதெதகா மியாசகி இயக்கிய டார்க் சோல்ஸ் 2011இல் வந்தபோது எடை மறுபடி ஆட்சிக்கு வந்தது. அணிந்திருக்கும் ஆயுதம், கவசம் எல்லாவற்றின் எடையும் நீங்கள் தாங்கக்கூடியதில் கால் பங்குக்குள் இருந்தால் அடி வரும்போது சட்டென்று உருண்டு தப்பலாம். பாதிவரை போனால் உருளல் தளரும். பாதியைத் தாண்டினால் மூட்டை விழுந்ததுபோல் விழுவீர்கள். கைகாக்ஸும் ஆர்னசனும் காசு எடையில் அளந்தபோது நடை தளர்ந்தால் தங்கம் குறைந்தது. இங்கே உருளல் தளர்ந்தால் உயிர் போகிறது. எந்தப் பச்சை அம்பும் இதற்கு விடை சொல்ல முடியாது, ஏனென்றால் விடை உங்கள் விரல் எவ்வளவு வேகம் என்பதில் இருக்கிறது. கை சுறுசுறுப்பானவன் துணியுடுத்தியே முழு ஆட்டத்தையும் முடிப்பான். என்னைப்போல் தாமதமாகச் சுதாரிக்கிறவர்கள் இரும்பைப் போர்த்திக்கொண்டு அடி வாங்கியபடியே முன்னேறுவோம்.

அதே மியாசகியின் எல்டன் ரிங் 2022இல் வந்தது. அங்கே வேக உருளலுக்கு எல்லை 30 சதவீதம், நடுத்தர உருளலுக்கு 70. இரண்டாம் எல்லையை ஒட்டித்தான் பெரும்பாலோர் நிற்பார்கள். பிடித்த பெரிய வாளைக் கையில் கொடுத்ததும் எண் 70ஐத் தாண்டும். உடனே கையுறையைக் கழற்றிப் பார்ப்பார்கள், அதுவும் போதாவிட்டால் தலைக்கவசத்தை இன்னும் லேசான ஒன்றுக்கு மாற்றுவார்கள், அதற்கும் மனசில்லாவிட்டால் கிடைத்த புள்ளிகளை அடியைக் கூட்டாமல் தாங்கும் பலத்தில் போடுவார்கள், அடுத்த சண்டைக்கு முன் இன்னொரு வாளையும் எடுத்துப் பார்ப்பார்கள்.